அக்காவின் குரலில் பேசியவள்

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பெண்கள். குரல்கள் மூன்று. இது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

நான் நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டவும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும், புரையேறாமல் ஊட்டவும் முறையாகப் பயிற்சி எடுத்தவள். போகிற வீட்டில் எல்லாம் "நர்சம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். அந்த வீட்டிலிருந்து என்னை அழைத்தவள் மகள். அம்மாவுக்குப் பக்கவாதம், இடது கையும் காலும் விழுந்துவிட்டன என்று போனில் சொன்னாள். குரலை வைத்து, கல்லூரிக்குப் போகிற வயசுப் பெண் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அகலமான தோள், கனத்த கழுத்து, அதைச் சுற்றி ஒரு கம்பளித் துண்டு. அந்த உடம்புக்குள்ளிருந்து குருவிக் குரல் வந்தது. பெரிய பீரோவைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருந்தது போல இருந்தது எனக்கு.

"வாங்கக்கா, செருப்பை உள்ளேயே விடுங்க" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் தொண்டையைக் கையால் தொட்டுக்கொண்டாள்.

கிழவி உள்ளறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். நானும் இப்போது கிழவிதான். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவளுக்குப் புத்தி துல்லியமாக இருந்தது. பேச்சும் தெளிவாக இருந்தது. அதுதான் அந்த வீட்டின் கஷ்டமே. காது பெரும்பாலும் போய்விட்டது. கண்ணில் புரை விழுந்திருந்ததால் எழுதிக் காட்டினாலும் படிக்க முடியாது. வெளியூரில் இருக்கும் மகன் காதில் மாட்டும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். மாட்டிவிட்ட மறுநாளே அதைக் கழற்றித் தண்ணீர் டம்ளருக்குள் போட்டுவிட்டாள். "காதுக்குள்ள தகர டப்பாவை உருட்டற மாதிரி இருக்கு" என்றாளாம்.

நான் அவளோடு கையால் பேசினேன். தோளில் தட்டினால் புரள வேண்டும். மோவாயில் விரல் வைத்தால் தலையைக் குனிந்து விழுங்க வேண்டும். என் குரலும் கீச்சுக் குரல்தான், அவளுக்கு எட்டவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. மகள்தான் விடாமல் பேசிப் பேசிப் பார்த்தாள். கட்டிலருகே குனிந்து, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, நரம்பு புடைக்கக் கத்துவாள். அப்போதும் அந்த மெல்லிய குரல்தான், இன்னும் மெல்லியதாக.

கிழவி அவள் உதட்டையே பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்புவாள்.

"பாத்தியாம்மா? வாயை மட்டும் ஆட்டறா. செவிடுன்னு கிண்டல் பண்றா. பெரியவளே, எதாவது பேசறதுன்னா பேசு. இல்லேன்னா போய் உன் வேலையைப் பாரு."

பெரியவளே, பெரியவளே என்றுதான் எப்போதும் கூப்பிட்டாள். எனக்குத் தெரிந்து அங்கே ஒரு மகள்தான். ஒரு நாள் சமையலறையில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டேன்.

"சின்னவங்க எங்க இருக்காங்க?"

"நான்தாங்க சின்னவ" என்றாள்.

கேட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். ஆனால் அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அவளிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது.

அக்காக்காரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். இணைப்புக் கொடுக்கும்போது அவள் பேசுவதைக் கேட்பதற்காகவே தப்பான நம்பர் கேட்பவர்கள் உண்டாம். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் அம்மா கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள். சின்னவளுக்குப் பிறக்கும்போதே கட்டைக் குரல். தொட்டிலில் அழுதபோதே பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு, பையனா?" என்று கேட்டிருக்கிறார். பேச ஆரம்பித்ததும் அம்மாவே ஒரு பெயர் வைத்துவிட்டாள், லாரி என்று. "லாரி எழுந்துடுச்சு, பால் காய்ச்சணும்" என்பாள். தெருப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள், சிரித்துக்கொண்டே.

அக்கா காய்ச்சலில் திடீரென்று போய்விட்டாள். அப்போது சின்னவள் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. தம்பி நடை பழகுகிற குழந்தை. அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். சாப்பிடவில்லை, குழந்தையைத் தொடவில்லை. யார் யாரோ வந்து கெஞ்சினார்கள். கடைசியில் ஒரு மத்தியானம் சின்னவள் தட்டோடு வாசற்படியில் நின்று, தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா சொல்வது போலவே, "அம்மா, கொஞ்சம் சாப்பிடும்மா" என்றாள்.

அம்மா திரும்பினாள். எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு, "தண்ணி கொண்டா, பெரியவளே" என்றாள்.

"அப்பவே நான் பழைய குரல்ல, சின்னவ பேசறேன்மான்னு சொல்லியிருக்கணும்" என்றாள் அவள் என்னிடம். "தட்டைத் திருப்பி வெச்சிடுவாங்களோன்னு பயம். அடுத்த நாளும் அப்படியே பேசினேன். அப்புறம் அதுவே ஆயிடுச்சு."

குரல் மட்டும் இல்லை. தலை வகிடு அக்கா எடுத்த பக்கம். அக்காவின் வெளிர் நிறத் துணிகள், தோளில் பிரித்துவிட்டுத் தைத்து. அக்கா மாதிரியே வாயைப் பொத்திச் சிரிப்பு. பிறகு ஒரு பார்சல் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை. தொலைந்துபோன மூட்டைக்காகக் கத்த வருகிறவன்கூட இவள் பேசினால் அடங்கிவிடுவானாம். முதலாளிக்கு ரொம்ப திருப்தி.

அங்கே கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் மூட்டை ஒன்று பிரிந்து, அதிலிருந்து பிளாஸ்டிக் வாத்துகளாக உருண்டு வந்து கிடங்கு முழுக்க நிறைந்துவிட்டது. அவர் அதற்கு நடுவே நின்ற கோலத்தைப் பார்த்து, பொத்திக்கொள்ள மறந்து, இவள் சொந்தக் குரலில் சிரித்துவிட்டாள். கிடங்கே அதிர்ந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "இப்படி ஒரு சிரிப்பை வெச்சுக்கிட்டா இத்தனை நாளா எலி மாதிரி பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். மறுநாள் அதே சிரிப்பைக் கேட்கலாம் என்று, வேறு காரணமில்லாமல் இவள் மேசைப் பக்கம் வந்து நின்றிருக்கிறார். அடுத்த நாளும் வந்திருக்கிறார்.

"அசிங்கமா போச்சு எனக்கு. அதுக்கப்புறம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல" என்றாள். "அவரும் வேற எங்கயோ மாறிப் போயிட்டார்."

ஒரு ஆள் இவளை இவளாகவே பார்த்தார், அது இவளுக்கு அசிங்கமாகப் போயிற்று. நான் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தேன். கட்டி இருக்கக் கூடாது; இருந்தால் புரையேறும்.

தொண்டை கெட்டுப்போய்த்தான் அந்த வேலையை விட்டாள். காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, செருப்புத் தைப்பவர் விரல் மாதிரிக் குரல் நாண்கள் காய்த்துப்போயிருக்கின்றன என்றாராம். "பாட்டு பாடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல டாக்டர், சும்மா பேசுவேன்" என்றாளாம். அப்போதிலிருந்துதான் கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் வெந்நீர் பாட்டில்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்தக் காலைச் சம்பவம் நடந்தது.

கிழவியைக் கட்டிலிலிருந்து சக்கரம் வைத்த கழிப்பறை நாற்காலிக்கு மாற்றி, சக்கரத்தின் பூட்டைப் போட்டுவிட்டு, துடைக்க வெந்நீர் எடுக்க நான் குளியலறைக்குப் போனேன். கிழவிக்குப் பொறுமை கிடையாது. நல்ல கையால் எட்டிப் பூட்டை எடுத்துவிட்டுத் தானாகவே எழ முயன்றிருக்கிறாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. நான் வாளியோடு திரும்பியபோது அவள் ஒற்றைக் காலில் பாதி எழுந்து காற்றில் நின்றாள். நான் எட்ட முடியாத தூரம்.

"அம்மா, உக்காரு."

வாசற்படியிலிருந்து வந்தது அந்தக் குரல். அடி வயிற்றிலிருந்து வந்தது. எனக்கே முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. கிழவி சட்டென்று உட்கார்ந்தாள். நல்லவேளை, நாற்காலி முழுசாக விலகியிருக்கவில்லை. நான் ஓடிப் பிடித்துக்கொண்டேன்.

"யாரது?" என்று கிழவி சுற்றிலும் பார்த்தாள். "யாரோ கூப்பிட்டாங்களே. நல்லா கேட்டுச்சே."

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்து குருவிக் குரலில், "நான்தாம்மா" என்றாள்.

"மறுபடியும் வாயை ஆட்டறா பாரு" என்றாள் கிழவி. "வேற யாரோ வந்திருக்காங்க. யாருன்னு போய்ப் பாரு."

வயசாகும்போது காது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக இழப்பதில்லை. மெல்லியது, கீச்சென்றது முதலில் போகும். கட்டையானது கடைசி வரை நிற்கும். எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள் என்று. என் குரல் எவ்வளவு தாழ்த்தினாலும் ஓரளவுக்கு மேல் இறங்காது. அந்த வீட்டில் தாழ்த்தத் தேவையே இல்லாத குரல் ஒன்று இருந்தது. அதைப் பூட்டி வைத்திருந்தாள்.

சமையலறையில் இதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"வேணாங்க்கா. அந்தக் குரலை அம்மாவுக்குப் பிடிக்காது."

"பிடிக்கிறது பிடிக்காதது பத்தி நான் பேசல. கேக்கறதைப் பத்திப் பேசறேன். கடவுள் உங்களுக்குன்னு ஒண்ணு கொடுத்திருக்கார். இந்த வீட்டில இன்னிக்கு வேலை செய்யற குரல் அது ஒண்ணுதான்."

"கடவுள் கொடுத்ததைத்தான் பெத்தவங்களே வேணாம்னுட்டாங்களே."

நான் பாத்திரம் கழுவப் போனேன்.

அந்த வாரம் கிழவி வாயை மூடிக்கொண்டாள். "பெத்த பொண்ணு பேச மாட்டேங்கறா. கூலிக்கு வந்தவ ஊட்டறா. எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோவாயைத் தொட்டால் கையைத் தட்டிவிட்டாள். ஈரத் துணியால் உதட்டை நனைப்பதற்குக்கூட விடவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், நல்ல கையைக் கட்டித்தான் போட வேண்டியிருக்கும் என்றார். குழாய் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதையும் அழகாக்கிச் சொல்ல மாட்டேன். கையைக் கட்டிப் போட்ட கிழவிகள் அதிக நாள் இருப்பதில்லை.

மகள் தட்டோடு வாசற்படியில் நின்றாள். உள்ளே அம்மா சுவரைப் பார்த்துக் கிடந்தாள். சின்ன வயதில் நின்ற அதே இடம்தான் என்று பிறகு சொன்னாள்.

"அம்மா, கொஞ்சம் சாப்பிடும்மா" என்றாள் குருவிக் குரலில். பழக்கம். கிழவியிடம் அசைவே இல்லை.

அவள் கம்பளித் துண்டை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டாள். மறுபடி வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் துருப்பிடித்த கதவைத் திறப்பது போல ஒரு கரகரப்பு. மூன்றாவது தடவை குரல் வந்தது.

"அம்மா. திரும்பு."

கிழவி திரும்பினாள்.

"லாரியா?"

"ஆமா. லாரிதான்."

"எங்க போயிருந்த இத்தனை நாளா?"

"இங்கதான் இருந்தேன்."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். புரை விழுந்த கண்ணில் என்ன தெரிந்ததோ. "பெரியவளை வரச் சொல்லு" என்றாள்.

"பெரியவ செத்துப்போயிட்டாம்மா."

"எனக்குத் தெரியாதா? நான்தானே குளிப்பாட்டி அனுப்பினேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சியா? பெரியவளா ஆடிட்டு இருந்தவளைத்தான் கேட்டேன்."

மகள் தட்டை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"அப்போ நான் அவளை மாதிரிப் பேசினது?"

"எங்க அவளை மாதிரி?" என்றாள் கிழவி. "ஒரு நாளாவது வந்துச்சா? பக்கத்துலகூட வரல. அவ பேசினா காதுக்கு இதமா இருக்கும். நீ பேசினா பல்வலிக்காரி மாதிரி இருக்கும்."

"அப்புறம் ஏன்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"உன் சொந்தக் குரலுக்கு அது தேவலைன்னு விட்டுட்டேன்."

படுக்கைப் புண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே பொத்தான் அளவுக்குத்தான் தெரியும். மருந்து வைக்கப் போனால் உள்ளே விரல் போகும். அந்த அறையில் அப்போது அப்படித்தான் இருந்தது. அவளுடைய வேலை, அந்தக் கிடங்குக்காரர், காய்த்துப்போன தொண்டை, வாயைப் பொத்திய ஒவ்வொரு சிரிப்பும் அந்த ஓட்டைக்குள்தான் போயிருந்தன. அதைத் தோண்டியவளுக்கு அது தெரியவும் இல்லை. தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டாள்.

மகள் அழுவாள் என்று நினைத்தேன். அழுகிறவர்களை வெளியே கூட்டிப்போய் உட்கார வைப்பதும் என் வேலையில் ஒரு பகுதிதான். ஆனால் அவள் என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். கட்டிலின் வலது பக்கம், உணர்ச்சி இருக்கும் பக்கமாக உட்கார்ந்தாள்.

"வாயைத் திற."

"உன் சத்தத்துக்கு மாடு மிரளும்."

"மாடு இங்க இல்ல. வாயைத் திற."

திறந்தாள். "குனி. விழுங்கு." குனிந்து விழுங்கினாள். மறு கரண்டி. தட்டு காலியாகும் வரை இப்படியேதான் போயிற்று.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று எழுதினால் பொய். கிழவி கடைசி வரை அந்தக் குரலைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் உலகத்தில் அவளுக்குக் கேட்ட ஒரே குரல் அதுதான். மகள் கடைக்குப் போனால் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். "எங்க போனா அவ? வந்து எதையாவது பேசச் சொல்லு" என்று என்னை விரட்டுவாள். வந்து பேச ஆரம்பித்ததும், "என்ன சத்தம், என்ன சத்தம்" என்று முகத்தைச் சுளிப்பாள்.

மகள் தினமும் பேப்பரை உரக்கப் படித்தாள். தெரு முனை வரை கேட்கும். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக, "உங்க வீட்டுக்கு யாரு விருந்தாளி, அந்த ஐயா ரொம்ப நல்லாப் படிக்கிறாரே" என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து, "ஐயாவுக்கு இன்னும் விளையாட்டுப் பக்கம் பாக்கி இருக்கு, இருந்து கேட்டுட்டுப் போங்க" என்று பதில் வந்தது. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டாள். அன்றைக்குத்தான் மகள் வாயைப் பொத்தாமல் சிரித்ததை நான் பார்த்தேன். கிடங்கு அதிர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்தக் குரல் அவளுக்கு முழுசாகத் திரும்பவில்லை. ஓரங்களில் கிழிந்திருந்தது. நடு வாக்கியத்தில் திடீரென்று காற்றாகப் போய்விடும். அத்தனை வருஷம் நெரித்துவிட்டு இனி கேட்டால் எப்படித் தரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனையோ பேருடைய தொண்டையைத் துடைத்து, சளி எடுத்து, சுத்தம் செய்திருக்கிறேன். ஒன்றைப் போல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. கடவுளுக்கு வேறு வேலையில்லாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்திருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் தெரிய வரும்வரை அதைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டியது நம் பொறுப்பு. அவள் பாதியைக் கெடுத்துவிட்டிருந்தாள். மீதிப் பாதி வேலை செய்தது.

தம்பியிடம் மட்டும் பழைய குரல்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு குருவிபோலப் பேசுவாள். "அவன் நடக்க ஆரம்பிச்ச காலத்துல இருந்து கேட்டது இதுதான். பயந்துடுவான்" என்றாள். நான் சொல்ல வேண்டியதை ஒரு முறைதான் சொல்வேன்.

மழைக்காலத்தில் கிழவிக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு வாங்கியது. இது முடிவுதான் என்று எனக்குத் தெரிந்தது, மகளிடமும் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் இருக்கேன்."

கிழவி கண்ணைத் திறக்கவில்லை. "கத்தாதே" என்றாள். மூச்சு இழுத்து விட்டது. "கேக்குது."

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. விடிந்த பிறகு, நான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. நான் நாடி பார்த்து, கண்ணை மூடி, மோவாய் தொங்காமலிருக்கக் கீழே துணியைச் சுருட்டி வைத்தேன். மகள் கூடத்துக்குப் போய்த் தம்பிக்குப் போன் செய்தாள். முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அம்மா போயிட்டா. கிளம்பி வா" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் கேட்டது எனக்கும் கேட்டது. "யாருங்க நீங்க? எங்க அக்காகிட்ட போனைக் கொடுங்க."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். "அக்காதான்டா பேசறேன்."

"தொண்டைக்கு என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல. இதுதான் என் தொண்டை. நீ வா."

வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். துடைத்து, வேறு துணி மாற்ற வேண்டும். உடம்பு விறைப்பதற்குள் செய்தால்தான் சுலபம். தோள் பக்கம் அவள் பிடித்தாள், இடுப்புப் பக்கம் நான் பிடித்தேன்.

"அம்மா, திரும்பு" என்றாள், தினமும் சொல்வது போல. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நான் தலையை அசைத்தேன். இருவரும் சேர்ந்து புரட்டினோம்.